ரோலோவின் முடி

செப்டம்பர் 3, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் இதோ வருகிறேன் என்றார், வரவில்லை. மருமகள் ஹெப்சி எதிர்வீட்டு பிளாரன்ஸிடமிருந்து குடங்களில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் சென்னையிலிருந்து வைதேகி என்று ஒரு பெண் வந்தாள். மிஷனெரிகள் காலத்துப் பொருட்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஜனவரியில் ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். எங்கள் வீட்டு விதவைகள் சேலையில் குத்திக்கொள்ளும் துக்கப் புரோச்சைப் பற்றி பாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

மருமகள் வேலையிலிருந்து வரட்டும், அவள் தோளில்தான் இருக்கிறது என்றேன். வைதேகிக்கு ஆச்சரியம். இன்றும் போடுகிறார்களா என்று கேட்டாள். உதாரணம் சொல்லி விளக்கினேன். துக்கம் பாகல் கொடி மாதிரி. தரையில் விட்டால் எல்லார் காலிலும் சிக்கும். ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தால் தன் இடத்தில் நிற்கும். அதை அவள் குறித்துக்கொண்டாள். நாம் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்வதைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

மாலை ஜெபம் முடிந்ததும் ஹெப்சியின் சேலையிலிருந்து புரோச்சைக் கழற்றி வைதேகியிடம் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருத்தி விதவையானால், அவளுக்கு முன் விதவையானவள் அடக்கத்தன்று அவள் தோளில் இதைக் குத்திவிடுவாள். பிறகு தினமும் காலையில் குத்துவதும் மாலையில் எடுப்பதும் அதே கைதான். போட்டிருப்பவள் தானாகத் தொடக்கூடாது. வருஷ ஜெபத்தன்று சபைக்கு முன்னால் கடைசியாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் துக்கம் முடிந்தது. அதற்கு முன் மறுமணப் பேச்சு எடுப்பதில்லை.

"அப்போ இவங்க இந்த ஒரு வருஷமா வெளியூர்ல ஒரு ராத்திரிகூடத் தங்கலையா?" என்று கேட்டாள் வைதேகி.

நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிற பிள்ளையை முன்பெஞ்சில் உட்கார வைப்பேன். "தங்குற தேவை வரல," என்றேன். ஹெப்சி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வரலாற்றையும் சொன்னேன். என் கணவரின் முப்பாட்டி அன்னாள், மிஷனெரி துரைசானியின் வீட்டில் வேலை பார்த்தவள். அவள் புருஷன் உபதேசியார். அவர் காலராவில் இறந்தபோது துரைசானி தன் கழுத்திலிருந்த புரோச்சைக் கழற்றி அன்னாளுக்குக் குத்திவிட்டாள். சுற்றிலும் கறுப்பு விளிம்பு, நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்குள் பின்னல் போட்ட பழுப்பு முடி. பின்புறம் ரோலோ என்ற பெயரும் 1861, 1870 என்ற வருஷங்களும் வெட்டியிருக்கின்றன. துரைசானியின் ஒரே மகன். ஒன்பது வயதில் போய்விட்டான். பெற்ற பிள்ளையின் முடியையே தூக்கிக் கொடுத்த அன்பு அது.

"என்ன அழகான கதை!" என்றாள் வைதேகி.

கதையில்லை, வரலாறு என்று திருத்தினேன்.

என் மகனுக்கும் அந்தப் பெயர்தான் என்றேன். என் கணவர் பொன்னையா இறக்கும்போது அவன் வயிற்றில் இருந்தான். புரோச்சைப் போட்டுக்கொண்டுதான் அவனைப் பெற்றேன். ரோலோ பொன்னையா. வைதேகி சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். போன நவம்பரில் இங்கே வண்ணார்பேட்டை பைபாஸில் பஸ் மோதி இறந்தான் என்று சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். நல்ல வளர்ப்பு.

செப்டம்பர் 6, வியாழன்

மோட்டார் சரியானது. கன்டென்சர்தான். அதற்கு இத்தனை நாள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

ஹெப்சியின் அண்ணன் ஜெபசிங் நாசரேத்திலிருந்து வந்தார். கோழிக் குழம்பு வைத்தோம். சாப்பிட்டு முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். கை கழுவிவிட்டு வந்து,

"அத்தை, ஒரு விஷயம். தப்பா நெனைக்கக் கூடாது," என்றார்.

"சொல்லுங்க தம்பி."

"தூத்துக்குடியில ஒரு எடம் வந்திருக்கு. பேட்டரிக் கடை வச்சிருக்காவ. ஆல்வின்னு பேரு. அவருக்கும் இது ரெண்டாங் கலியாணம். பிள்ள குட்டி கெடையாது. நவம்பர்ல வருஷ ஜெபம் முடிஞ்சிரும்லா? அதுக்குப் பொறவு கோயில்ல கலியாண ஓலை வாசிக்கலாமான்னு கேக்காவ."

ஹெப்சி அடுக்களை நிலைக்கதவில் நின்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விடைத்தாள் திருத்தும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாள். நல்ல பெண், கொஞ்சம் மெதுவாகப் புரியும்.

"எனக்கு என்ன ஆட்சேபணை? அவ சந்தோஷந்தான் எனக்கும்," என்றேன். ஜெபசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரோச்சை எப்போது கழற்றலாம் என்று எனக்குத் தோன்றுகிறதோ அப்போது கழற்றுவேன் என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

மாலையில் துணி மடித்துக்கொண்டே அவள் புரோச்சிடம் பேசுவது காதில் விழுந்தது. இடது பக்கம் தலையைச் சாய்த்து, தோளைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. "மாமா சொன்னதக் கேட்டியால? பாப்பாட்டயும் சொல்லிரு," என்றாள். ரோலோ இறந்த மாதத்திலேயே அவள் வயிற்றில் இருந்த நாலு மாதப் பிள்ளையும் போனது. அந்தப் பாப்பா மேலே துரைசானியின் மகனோடு சேர்ந்து விளையாடுகிறது என்று அவள் நினைக்கிறாள். நான் மறுத்ததில்லை. நானே ஒரு நாள் ஆறுதலுக்குச் சொன்னதுதான்.

செப்டம்பர் 16, ஞாயிறு

ஆல்வினின் பெரியம்மா வந்தார்கள். முறுக்கும் காபியும் கொடுத்தேன். ஹெப்சி கடைக்குப் போயிருந்த நேரம்.

"பிள்ள எப்படி டீச்சர்?"

"தங்கமான பிள்ள. ஒரு குறையும் சொல்ல முடியாது. தோளப் பாத்துப் பேசுவா, அவ்வளவுதான்."

"தோளப் பாத்தா?"

"புரோச்சில இருக்க பையன்கிட்ட. செத்துப்போன குழந்தகிட்ட சேதி சொல்லச் சொல்லுவா. நீங்க பயப்படாதீங்க, வைத்தியம் அது இதுன்னு ஒண்ணும் தேவைப்படாது. பொறுமையான வீடா இருந்தாப் போதும்."

அந்த அம்மாள் முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். செடியை விற்கிறவன் வேரில் பூச்சி இருந்தால் காட்டித்தானே விற்க வேண்டும்?

அவர்கள் முகம் வாடிப் போவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு பிளாரன்ஸ் என்னிடம் வந்தாள். "என்ன டீச்சர், பொறப்பட்ட பஸ்ஸக் கையக் காட்டி நிறுத்துதிய போலிருக்கே?" அவள் வாய் எப்போதும் அப்படி.

செப்டம்பர் 21, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. வைதேகி போன் செய்தாள்.

"டீச்சர், இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த துரைசானியோட தம்பி வம்சத்துல ஒருத்தர் இங்கிலாந்துல இருக்கார். ஒரு பழைய படம் அனுப்பினார். துரையும் துரைசானியும் நாற்காலியில உக்காந்திருக்காங்க. நடுவுல ஒரு நாய். படத்துக்குக் கீழே மூணு பேர் எழுதியிருக்கு. மூணாவது பேரு ரோலோ."

பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.

"அவங்களுக்குக் குழந்தையே கிடையாது டீச்சர். அந்தக் காலத்துல செல்ல நாய் செத்தா அதோட முடியை வச்சும் இப்படி நகை செஞ்சிருக்காங்க. அவங்களுக்கு அந்த நாய் உசிரா இருந்திருக்கணும். அன்னாளை மதிச்சுத்தான் கொடுத்திருப்பாங்க."

"படத்தை அனுப்பு," என்றேன். அனுப்பினாள். காது தொங்கும் நாய். மூக்கில் வெள்ளை. நாய்க்கு ரோலோ என்று பெயர் வைப்பது அங்கே சாதாரணமாம்.

அன்னாளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பின்னால் வெட்டியிருந்த பெயரை யார் அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள், என்ன சொல்லிக் காட்டினார்கள் என்று தெரியவில்லை. கழற்றிவிட அவளுக்கு முன் யாரும் இல்லாததால் அதைச் சாகும்வரை போட்டிருந்தாள்.

பால் பாத்திரத்தைத் தேய்த்தேன். அடி பிடித்திருந்தது.

செப்டம்பர் 24, திங்கள்

என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போதைய தலைமையாசிரியை என்னிடம் படித்தவள். நாற்காலி போட்டு உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தாள். உயிரியல் ஆய்வகத்தில் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று கேட்டேன். "இது உங்க லேப் டீச்சர்," என்றாள்.

புரோச்சின் கண்ணாடியில் ஓர் ஓரம் பல நாளாகவே உடைந்திருக்கிறது. அந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முடியை இடுக்கியால் எடுத்து வைத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் செய்துகாட்டிய பாடம்தான். மனித முடிக்கு நடுவில் ஓடும் இழை மெல்லியது, பென்சிலுக்குள் இருக்கிற கரிக்குச்சி மாதிரி. சில முடிகளில் அதுவும் விட்டுவிட்டுத்தான் தெரியும். நாய், பூனை முடியில் அந்த இழை தடிமனாக, பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் மாட்டு முடி, ஆட்டு முடி என்று கொண்டுவருவார்கள். ஒருவன் வாத்தியார் மீசையிலிருந்து ஒன்று கொண்டுவந்தான்.

பார்த்தேன். தடிமன்தான்.

லென்ஸைத் துடைத்து இன்னொரு முறை பார்த்தேன். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். ஒருவன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஓடினான்.

செப்டம்பர் 25, செவ்வாய்

வழக்கம்போலக் காலையில் ஹெப்சிக்குக் குத்திவிட்டேன். விரலில் ஊசி பட்டுவிட்டது, எனக்கு.

செப்டம்பர் 30, ஞாயிறு

அவளிடம் சொல்லவில்லை. எந்தப் பாடத்தை எப்போது நடத்துவது என்பது ஆசிரியரின் பொறுப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைச் சொன்னால் பயந்துவிடும்.

துணி காயப்போடும்போது அவள் தோளிடம் பேசுவது கேட்டது. "அங்க குளுருமால? பாப்பாவுக்குப் போத்திவிடு." கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தேன்.

நானும் இதைப் போட்டிருந்த காலத்தில் இப்படிப் பேசியதுண்டு. மனிதர்கள் எதையாவது பிடித்துக்கொள்வார்கள். என் மாமியார் முதல் வருஷ ஜெபத்தில் எனக்குக் கழற்ற மறந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார்கள். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் கழற்றினார்கள். எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். என்னைப் பற்றி என் அப்பாவிடம் கேட்டிருந்தார். நல்ல மனிதர், காத்திருந்தும் பார்த்தார். பிறகு கோவில்பட்டியில் பெண் எடுத்தார். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பையன் இருந்தான்.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

அக்டோபர் 7, ஞாயிறு

ஜெபசிங் போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டில் யோசிக்கிறார்களாம். பெண்ணுக்கு மனசு சரியில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"யாரு சொன்னதுன்னு தெரியல அத்தை. ஆகாதவ எவளோ."

"ஊர் வாய அடைக்க முடியுமா தம்பி? எல்லாம் நன்மைக்குத்தான்," என்றேன்.

ஹெப்சி சாப்பிடவில்லை. அவளுக்குப் பிடித்த சுண்டவத்தல் வறுத்து வைத்தேன். கொஞ்சம் சாப்பிட்டாள். "நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன் அத்தை," என்றாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். இந்த வீட்டில் சாயங்காலம் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு பெரிய விஷயம். பொன்னையா போன பிறகு நானும் மாமியாரும். பிறகு நானும் ரோலோவும். இப்போது நானும் ஹெப்சியும். ஒற்றை இலை போட்டு இந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை.

பாஸ்டர் கேட்டனுப்பினார், நவம்பர் நாலாம் தேதி வருஷ ஜெபத்தில் புரோச்சைக் கழற்றுகிறேனா என்று. பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

அந்த ஆல்வின் தானாகவே வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. நாற்பது வயது இருக்கும். கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம். சட்டையில் பேட்டரித் தண்ணீர் பட்டு ஓட்டைகள்.

"டீச்சர், பெரியம்மா சொன்னாவ. ஒரு வார்த்த நேர்ல பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஹெப்சியைக் கூப்பிட்டேன். வந்து சுவரோரம் நின்றாள். அவர் நேரடியாக அவளிடம் கேட்டார்.

"தோள்கிட்டப் பேசுவியளாமே?"

அவளுக்கு முகம் செத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"பேசுவேன்," என்றாள்.

"பதில் வருமா?"

"வராது."

"அப்பம் சரி. நான் என் பெஞ்சாதி போன பொறவு ரெண்டு வருஷம் அவ ஸ்கூட்டர்கிட்டப் பேசிக்கிட்டுக் கெடந்தேன். அதுவும் பதில் சொல்லல. ஒரு நாளு ஸ்டார்ட் ஆவாம நின்னுச்சு, அன்னைக்கு மட்டும் கெட்ட வார்த்தையில ஏசிட்டேன்."

ஹெப்சி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷமாகிறது. மக்ரூன் பழையது, முந்திரி வாடை அடித்தது. பிளாரன்ஸுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 19, வெள்ளி

காலையில் குத்திவிடும்போது ஹெப்சி சொன்னாள்.

"அத்தை, நான் அவர்ட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"நல்லது."

"நாலாந்தேதி நீங்க கழட்டுவீங்களோ மாட்டீங்களோ, எனக்குத் தெரியல. கழட்டாட்டியும் போவேன். உங்க மேல கோவம் இல்ல. மாசம் ஒருக்கா வந்து பாத்துக்கிடுவேன்."

பின் ஊசி துணியில் ஏறவில்லை. அவளே சேலையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். புரோச்சு உங்க குடும்பத்துது, அது வேண்டாம். அதுல இருந்து ஒரே ஒரு இழை மட்டும் தருவீங்களா? பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டா அந்தப் பையன் தனியாக் கெடப்பான். என் பாப்பாவுக்குக் கூட்டுக்கு ஆள் இல்லாமப் போயிரும். நான் தாலிச் செயின்ல ஒரு டாலர் செஞ்சு உள்ள வச்சுக்கிடுவேன். ஆல்வின்ட்டயும் கேட்டுட்டேன். சரின்னாரு."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போய் மைக்ராஸ்கோப்பை ஒரு நாளைக்கு வாங்கிவந்தேன்.

அக்டோபர் 20, சனி

சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். வெயில் கண்ணாடியில் விழுகிற மாதிரி மைக்ராஸ்கோப்பை வைத்தேன். ஹெப்சி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள். "இது என்னத்துக்கு அத்தை?" என்று கேட்டாள்.

உட்காரச் சொன்னேன். ஒரு பாடம் மனதில் நிற்க வேண்டுமென்றால் வாயால் சொல்லக்கூடாது, பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். அவள் சீப்பிலிருந்து எடுத்த முடியை முதலில் வைத்தேன்.

"இது உன் முடி. என்ன தெரியுது?"

"கறுப்பா, கம்பி மாதிரி."

"நடுவுல?"

"லேசா ஒரு கோடு. அங்கங்க அறுந்து அறுந்து போவுது."

"ரொம்ப சரி. அடுத்தது என் முடி."

"வெள்ளையா இருக்கு. கோடு அதே மாதிரிதான். மெல்லிசு."

"ஆக, வயசானாலும் நிறம்தான் மாறும், அமைப்பு மாறாது. புரியுதா? இப்ப மூணாவது."

அவள் குனிந்தாள். சக்கரத்தை எப்படித் திருப்புவது என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"கோடு தடியா இருக்கு. உள்ள பூரா அதுதான் இருக்கு."

"அப்ப மூணாவது மனுஷ முடியா?"

அவள் சக்கரத்தை மறுபடியும் திருப்பினாள்.

"தயங்காமச் சொல்லு. தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல."

"இல்ல," என்றாள்.

"எதோட முடியா இருக்கும்?"

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் போனில் வைதேகி அனுப்பிய படத்தைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்தேன். கீழே எழுதியிருந்த மூன்று பெயர்களையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். துரைசானிக்குப் பிள்ளை கிடையாது, இருந்தது இந்த நாய்தான் என்று விளக்கினேன். அவசரப்படவில்லை. புரிந்ததா என்று நடுநடுவே கேட்டேன்.

அவள் அழுவாள் என்று ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. இடது பக்கம் தலையைச் சாய்த்தாள். பாதியில் நிறுத்தி நிமிர்ந்துகொண்டாள்.

"எப்பம் தெரியும் அத்தை?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா தெனமும் குத்திவிட்டிருக்கீங்க."

"வழக்கம் வேற, பொருள் வேற ஹெப்சி. உதாரணத்துக்கு, தேசியக் கொடி வெறும் துணிதான், ஆனா நாம..."

"நான் பாப்பாவப் பாத்துக்கச் சொல்லும்போதெல்லாம் இந்த வீட்டுலதான இருந்தீங்க."

"இருந்தேன்."

அவள் படத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த என் மகனின் படத்தைப் பார்த்தாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரியேதான் கேட்டாள்.

"அப்போ அவங்களுக்கு நீங்க வச்சது இந்தப் பேரத்தானா?"

லென்ஸில் தூசி இருந்தது. துடைத்து, மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்தேன்.

அக்டோபர் 22, திங்கள்

காலையில் புரோச்சோடு போனேன். ஹெப்சி என் மணிக்கட்டைப் பிடித்து, "வேண்டாம் அத்தை," என்றாள். அதை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். தானாகத் தொட்டாள். மூடியும் விட்டாள். குடும்பத்தில் இதுவரை யாரும் செய்யாதது.

மாலையில் பேக்கரியில் வர்க்கி வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு என்று நினைத்தேன். கேட்டுக்கு வெளியே நின்று தெருநாய் ஒன்றுக்குப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். செம்பட்டை நிறம், ஒரு கால் வெள்ளை. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கிடப்பது.

பாடத்தை நன்றாக ஏற்றுக்கொண்டாள் என்றுதான் தோன்றியது.

அக்டோபர் 23, செவ்வாய்

ஹெப்சி கேட்டில் நின்று கூப்பிட்டாள். நல்ல சத்தமாக, தெருவின் அந்தக் கடைசிவரை கேட்கிற மாதிரி.

"ரோலோ! ரோலோ!"

நாய் வந்தது.

பிளாரன்ஸ் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி இது, புருசன் பேரச் சொல்லி நாயக் கூப்பிடுத?"

"இல்லக்கா. நாய் பேரத்தான் நாய்க்கு வச்சிருக்கேன். அத்தைட்ட வேணும்னா கேளுங்க. வெவரமாச் சொல்லுவாங்க. உதாரணத்தோட."

நான் ஜன்னலைச் சாத்தினேன். கொசு.

அக்டோபர் 28, ஞாயிறு

தினமும் ஆறு மணிக்கு. ஒரு துண்டு போடுகிறாள், அது தின்றதும் தள்ளிப் போய் நின்று பெயரைச் சொல்கிறாள், வந்தால் அடுத்த துண்டு. நான் சொல்லிக்கொடுத்திருந்தாலும் இதைவிடச் சரியாகச் செய்ய முடியாது. இப்போது கூப்பிட்ட உடனே காதைத் தூக்குகிறது. தெருப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சைக்கிளில் போகிறவன்கூடக் கூப்பிட்டுவிட்டுப் போகிறான்.

சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன், "வேற பேரு வச்சிருக்கலாம்."

"நீங்களும் வச்சிருக்கலாம் அத்தை," என்றாள். குழம்பு ஊற்றினாள்.

நவம்பர் 4, ஞாயிறு

ரோலோவின் வருஷ ஜெபம். ஆலயம் நிறைந்திருந்தது. ஹெப்சி ஆகாய நீலச் சேலை கட்டி வந்தாள். தோளில் ஒன்றுமில்லை. பாஸ்டர் முதல் பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தார். கழற்ற ஒன்றுமில்லாததால் நான் உட்கார்ந்தே இருந்தேன். பெட்டி மடியில் இருந்தது. பின்வரிசையில் யாரோ குசுகுசுவென்று பேசினார்கள்.

ஜெபத்தில் பாஸ்டர், "உமது அடியான் ரோலோவை நினைத்து..." என்றபோது பிள்ளைகள் வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ அதட்டினார்கள். பாஸ்டர் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஜெபசிங் கார் கொண்டுவந்தார். ஹெப்சி இரண்டு பைகளோடு என் முன்னால் வந்து நின்றாள். நான் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன்.

"மாசம் ஒருக்கா வருவேன்னு சொன்னேம்லா," என்றாள். "வரமாட்டேன் அத்தை."

நவம்பர் 11, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். "காலஞ்சென்ற ரோலோ பொன்னையா என்பவரின் விதவை ஹெப்சிபா..." தடை சொல்ல யாரேனும் உண்டா என்று பாஸ்டர் கேட்டார். சபையே என் முதுகைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. எழுந்து எதைச் சொல்வது?

நவம்பர் 15, வியாழன்

வைதேகி கண்காட்சிக்குப் புரோச்சைக் கேட்டாள். பக்கத்தில் வைக்கும் அட்டையில் துரைசானியின் மகன் என்றே போடு என்றேன். "தெரிஞ்சே எப்படி டீச்சர் தப்பாப் போடுறது?" என்றாள். தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 29, வியாழன்

நேற்று தூத்துக்குடியில் கல்யாணம். பிளாரன்ஸ் போய்வந்தாள். பிரியாணி நன்றாக இருந்ததாம், ஹெப்சி மல்லிகைப்பூ வைத்திருந்தாளாம். ஒரு பொட்டலம் எனக்கும் கொண்டுவந்தாள். ஒருத்திக்கு அது அதிகம்.

டிசம்பர் 1, சனி

காலையிலிருந்து மழை. வாசலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேஜையை ஜன்னலோரத்திலிருந்து பழைய இடத்துக்கு இழுத்துப் போடலாம் என்று பார்த்தேன், தனியாக முடியவில்லை.

மாலையில் கேட்டைப் பூட்டப் போனேன். அந்த நாய் நடுரோட்டில் படுத்திருந்தது, நம் வீட்டைப் பார்த்தபடி. வர்க்கி நேரம். வழி தெரியாத மழையில் தண்ணீர் லாரி ஒன்று முனை திரும்பி வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"ஏய்," என்றேன். "ச்சூ. எந்திரி." குடையால் கேட்டைத் தட்டினேன். காதுகூட அசையவில்லை. லாரி நெருங்கிவிட்டது.

கூப்பிட்டேன். அடக்கத்தன்றைக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இவ்வளவு சத்தம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எதிர்வீட்டு மாடி விளக்கு எரிந்தது.

எழுந்து ஓடிவந்தது. லாரி தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது. நாய் கேட்டுக்குள் நுழைந்து என் காலடியில் நின்று, முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. கையில் ஒன்றுமில்லை என்று காட்டினேன். போ என்றேன். போய்விடு என்றேன். அப்படியே நின்றது. அதற்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். ஹெப்சி வேறு எதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை.